பூட்டப்பட்ட விரிதாள்: நகல்தடை, உரிமம், பழுதுநீக்கம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

விரிதாள் ஒரே வேளையில் ஆவணமாகவும் நிரலாகவும் விற்பனைப் பொருளாகவும் அமைகிறது. இம்மூன்று தன்மைகளும் தம்முள் முரண்படும் இடத்தில் விரிதாளைப் பூட்டும் வழக்கம் தோன்றியது. 1979இல் வெளிவந்த விசிகால்க் முதல் அண்மைக்கால எக்செல் வரை, நகல்தடை, கடவுச்சொல், தனிச்செயலியாக மாற்றுதல், வன்பொருளோடு பிணைத்த உரிமம் ஆகிய காப்புமுறைகள் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய நீதிமன்றங்களின் தீர்ப்புகளும், விரிதாள் பிழைகளால் நேர்ந்த அறியப்பட்ட நிகழ்வுகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆக்கியவரின் உழைப்பைக் காக்கும் பூட்டு அவ்வுழைப்பில் உள்ள பிழையையும் சேர்த்தே காக்கிறது என்பதும், பிழையைக் காணவும் திருத்தவும் உள்ள வழியை உரிமத்திலேயே வரையறுப்பது இன்றியமையாதது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: விரிதாள், நகல்தடை, உரிமம், தனிச்செயலி, பழுதுநீக்கம், பதிப்புரிமை, லோட்டஸ், எக்செல்

முன்னுரை

கட்டுமானப் பொறியாளர் ஒருவர் உத்தரங்களின் தாங்குதிறனைக் கணக்கிட ஒரு விரிதாளை உருவாக்குகிறார் எனக் கொள்ளலாம். பல ஆண்டுப் பட்டறிவு அதன் வாய்ப்பாடுகளில் பதிந்துள்ளது. பிற அலுவலகங்கள் அதை விலைக்குக் கேட்கின்றன. கோப்பை அப்படியே கொடுத்தால், வாங்கியவர் அதைப் பத்துப் பேருக்கு நகலெடுத்துத் தரலாம். வாய்ப்பாடுகளைத் தம் பெயரில் வெளியிடலாம். அறியாமல் ஒரு நுண்ணறையை அழித்துவிட்டு விடை தவறென்று குறை கூறலாம். ஆகவே அவர் கோப்பைப் பூட்டுகிறார். இயக்கத்தக்க தனிச்செயலியாக மாற்றுகிறார். ஒரு கணினிக்கு ஓர் உரிமம் என வரையறுக்கிறார். இவ்வளவும் நியாயமானவையே.

சில ஆண்டுகளுக்குப் பின் வாங்கியவரின் கணினி மாறுகிறது; செயலி திறக்க மறுக்கிறது. அல்லது திறக்கிறது, ஆனால் விடை ஐயத்துக்குரியதாக இருக்கிறது. வாய்ப்பாட்டைப் பார்க்க வழியில்லை. ஆக்கியவர் ஓய்வுபெற்றிருக்கலாம், தொழிலை விட்டிருக்கலாம். இந்நிலையில் அக்கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது, உரிமை யாருடையது என்னும் வினா எழுகிறது. இவ்வினா புதியதன்று, விரிதாள் மென்பொருள் வணிகப்பொருளான காலந்தொட்டே அதனைத் தொடர்ந்து வருவது. அவ்வரலாற்றை முறைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திறந்த தாளாகத் தோன்றிய விரிதாள்

ஹார்வர்டு வணிகப்பள்ளி மாணவராக இருந்த டேன் பிரிக்ளினும் அவர் நண்பர் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க், 1979ஆம் ஆண்டு ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. 63 நிரல்களும் 254 நிரைகளும் கொண்ட அத்தாளில் ஒரு நுண்ணறையின் மதிப்பை மாற்றினால், அதனைச் சார்ந்த பிற நுண்ணறைகள் யாவும் தாமே மாறின. கணக்கின் விடையும் அவ்விடைக்குரிய வழியும் ஒரே இடத்தில் இருந்தன என்பதே அதன் அடிப்படைப் புதுமை. நுண்ணறையின் மேல் சுட்டியை வைத்த எவரும் அதன் வாய்ப்பாட்டைப் படிக்கலாம். நிரலாக்கம் கற்காத கணக்காளரும் மேலாளரும் பிறர் செய்த கணக்கைப் பின்தொடரவும் திருத்தவும் இயன்றது இதனாலேயே.

விசிகால்க்குக்குக் காப்புரிமம் பெறப்படவில்லை. மென்பொருளுக்குக் காப்புரிமம் கிடைப்பது அரிது என்பது அக்கால அமெரிக்க வழக்கறிஞர்களின் கருத்தாக இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் வெளிப்படையாக இடம்பெற்றதும் 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே ஆகும். சட்டப் பாதுகாப்பு தெளிவற்றிருந்த அக்காலத்தில், விற்பனையாளர்கள் தொழில்நுட்பப் பூட்டையே நம்பினர். விசிகால்க் வட்டுகளும் எளிதில் நகலெடுக்க இயலாதவாறே விற்கப்பட்டன. இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். பூட்டப்பட்டது விரிதாளை இயக்கும் மென்பொருள்; பயனர் அதில் எழுதிய தாள் திறந்தே இருந்தது. இவ்வேறுபாடு பின்னர் மெல்ல மறைந்ததே இவ்வரலாற்றின் மையச் செய்தி.

2. சாவி வட்டும் அதன் வீழ்ச்சியும்

மிட்ச் கேப்பரும் ஜோனதன் சாக்ஸும் உருவாக்கிய லோட்டஸ் 1-2-3, 1983 சனவரியில் ஐபிஎம் தனிநபர் கணினிக்கு வெளிவந்தது. அதன் விலை 495 டாலர். முதலாண்டிலேயே அந்நிறுவனத்தின் விற்பனை 53 மில்லியன் டாலரை எட்டியது. இத்தகைய விலையுயர்ந்த மென்பொருளை நகலெடுப்பதைத் தடுக்கச் 'சாவி வட்டு' முறை கையாளப்பட்டது. நிரலை வன்தட்டில் ஏற்றியிருந்தாலும், அதைத் தொடங்கும்போது மூல நெகிழ்வட்டு இயக்கியில் இருந்தாக வேண்டும். சாதாரண நகலெடுப்பில் படியாத ஓர் அடையாளம் அவ்வட்டில் இருந்தது.

நெகிழ்வட்டு தேய்வுக்கும் பூஞ்சைக்கும் காந்தப்புலத்துக்கும் ஆட்படும் பொருள். வட்டு பழுதுற்றால், விலை கொடுத்து வாங்கியவரின் அலுவல் நின்றுவிடும். முறைகேடாக நகலெடுத்தவருக்கோ அத்தொல்லை இல்லை. நேர்மையான பயனரே மிகுதியாகத் துன்புறும் இம்முரண், காப்பை உடைக்கும் மென்பொருள்களுக்கும் ஒரு சந்தையை உண்டாக்கியது.

இதன் சட்டப் பரிமாணத்தை வால்ட் – குவெய்டு வழக்கு காட்டுகிறது. வால்ட் நிறுவனம் 'புரோலாக்' என்னும் காப்பு வட்டுகளை மென்பொருள் வெளியீட்டாளர்களுக்கு விற்றது. வட்டின் காந்தப்பரப்பில் இடப்பட்ட சிறு குறி அதன் கைரேகையாகச் செயற்பட்டது. குவெய்டு நிறுவனத்தின் மென்பொருள் அக்கைரேகை இருப்பதுபோல் கணினியை நம்பச்செய்தது. 1988இல் அமெரிக்க ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் குவெய்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நிரலின் உரிமையாளர் சேமநகல் எடுத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. அத்தகைய நகலுக்கு இம்மென்பொருள் உதவுகிறது என்பது நீதிமன்றத்தின் கருத்து. நிரலைப் பிரித்தறிவதை உரிம ஒப்பந்தத்தால் தடைசெய்ய இடந்தந்த லூசியானா மாநிலச் சட்டத்தின் பகுதியும் கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானதெனச் செல்லாததாயிற்று.

1980களின் பிற்பகுதியில் லோட்டஸ் உள்ளிட்ட பெருநிறுவனங்கள் நகல்தடையைக் கைவிட்டன. பல கணினிகளை வைத்திருந்த பெரிய வாங்குநர்களின் எதிர்ப்பு இதற்கு முதன்மைக் காரணம். பூட்டு தோற்றது, அதன் இடத்தை ஒப்பந்தமும் வழக்கும் பிடித்தன.

3. பயனர் எழுதிய நிரல் யாருக்குரியது?

வழக்கின் காலம் லோட்டஸின் பட்டியல்முறையைச் சுற்றி அமைந்தது. ஆடம் ஆஸ்பர்னின் பேப்பர்பேக் சாப்ட்வேர் நிறுவனம் 'விபி-பிளானர்' என்னும் விரிதாளை லோட்டஸின் விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு விற்றது. திருவண்ணாமலையில் இளமையைக் கழித்து, 2003இல் கொடைக்கானலில் மறைந்த ஆஸ்பர்ன், எடுத்துச் செல்லத்தக்க கணினியை 1981இல் சந்தைக்குக் கொணர்ந்தவராகவே பலராலும் அறியப்படுகிறார். விரிதாள் வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. லோட்டஸின் பட்டியல் அமைப்பை விபி-பிளானர் பின்பற்றியது பதிப்புரிமை மீறல் என 1990இல் நீதிபதி ராபர்ட் கீட்டன் தீர்ப்பளித்தார்.

போர்லேண்டு நிறுவனத்தின் 'குவாட்ரோ புரோ' குறித்த அடுத்த வழக்கு வேறு முடிவை எட்டியது. லோட்டஸில் 469 கட்டளைகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்களில் அமைந்திருந்தன. பயனர்கள் இக்கட்டளைகளைத் தொடராக எழுதி 'மேக்ரோ' எனப்படும் குறுநிரல்களை உருவாக்கினர். வேறு விரிதாளுக்கு மாறும்போது அம்மேக்ரோக்கள் இயங்க வேண்டுமானால், அதே கட்டளை அமைப்பு அங்கும் இருக்க வேண்டும். 1995இல் முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பட்டியல் கட்டளை அமைப்பு ஒரு செயல்முறையே, ஆகவே பதிப்புரிமைக்கு உட்படாது எனத் தீர்ப்பளித்தது. பயனர் தாம் கற்றதிலும் தாம் எழுதிய மேக்ரோவிலும் இட்ட உழைப்பு லோட்டஸுக்குச் சிறைப்பட்டதாகிவிடக் கூடாது என்னும் கருத்தும் நீதிபதி பூடினின் இணைவுரையில் இடம்பெற்றது. 1996இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் நான்குக்கு நான்கு எனச் சமமாகப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைபெற்றது.

இவ்வழக்கு விரிதாளின் இரட்டை ஆசிரியத்துவத்தை வெளிப்படுத்தியது. விரிதாளில் மென்பொருள் நிறுவனத்தின் உழைப்பும் தாளை எழுதியவரின் உழைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. தாளை எழுதியவர் அதனை விற்கத் தொடங்கும்போது மூன்றாமவர் ஒருவர் வருகிறார்: தம் தரவை அத்தாளில் இட்டு, அதன் விடையை நம்பி முடிவெடுக்கும் பயனர். முதலிருவரின் உரிமைகளைப் பற்றி நீதிமன்றங்கள் பேசிய அளவுக்கு இம்மூன்றாமவரைப் பற்றிப் பேசவில்லை.

4. தாளிலிருந்து தனிச்செயலிக்கு

தாளை இயக்கத்தக்க செயலியாக மாற்றும் எண்ணம் தரவுத்தள உலகிலிருந்து வந்தது எனலாம். டிபேஸ் நிரல்களைத் தனித்தியங்கும் கோப்புகளாக மாற்றிய 'கிளிப்பர்' என்னும் நிரல்பெயர்ப்பி 1985இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் லோட்டஸ் விரிதாள்களைத் தனிநிரல்களாக மாற்றும் 'பேலர்' போன்ற கருவிகள் வந்தன. இவற்றால் இரு நன்மைகள் விளைந்தன. வாங்குபவர் லோட்டஸை வாங்கத் தேவையில்லை, வாய்ப்பாடுகளும் மறைந்திருக்கும். விரிதாளின் உள்ளடக்கமே முதன்முறையாகப் பூட்டுக்குள் சென்றது.

எக்செல் 1985இல் மெக்கின்டோஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வி.பி.ஏ. என்னும் நிரல்மொழி சேர்ந்தது. அதன்பின் விரிதாளில் படிவங்களும் பொத்தான்களும் கொண்ட முழுச்செயலிகளை எழுதுவது எளிதாயிற்று. ஆனால் அவற்றைப் பூட்டும் வசதி வலுவற்றிருந்தது. தாளுக்கு இடும் பழைய கடவுச்சொல், 16 பிட்டு நீளமுள்ள சுருக்க மதிப்பாகவே சேமிக்கப்பட்டது. அத்தகைய மதிப்புகள் 65,536க்கு மேல் இருக்க இயலாது. ஆகவே உண்மையான கடவுச்சொல்லை அறியாமலே, அதே மதிப்பைத் தரும் வேறொரு சொல்லைக் கணினி விரைவில் கண்டுபிடித்துவிடும். 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வலுவான சுருக்கமுறை ஒரு லட்சம் முறை அடுக்கிச் செய்யப்படுகிறது. எனினும் 2007 முதல் எக்செல் கோப்பு, எக்ஸ்.எம்.எல். ஆவணங்களின் பொதியாகவே உள்ளது; தாள் பூட்டு அதில் ஒரு குறிப்பாகவே இடம்பெறுகிறது. தாள் பாதுகாப்பு என்பது தவறுதலான மாற்றத்தைத் தடுப்பதற்கே, மறைபொருளைக் காப்பதற்கன்று என மைக்ரோசாப்டின் விளக்கக் குறிப்புகளே கூறுகின்றன. கோப்பு முழுவதையும் திறப்பதற்கான கடவுச்சொல் வலுவான மறையாக்கம் கொண்டது. ஆனால் அது தெரிந்தவருக்கு எல்லாமே திறந்துவிடும். பயன்படுத்த விட்டு, பார்க்க விடாதிருக்க அதனால் இயலாது.

இவ்விடைவெளியை நிரப்பவே எக்செல் கோப்பைத் தனிச்செயலியாக்கும் கருவிகள் தோன்றின. அவற்றை இருவகைப்படுத்தலாம். முதல்வகை, மறையாக்கம் செய்த விரிதாளை ஓர் உறைக்குள் வைத்து, உரிமத்தைச் சரிபார்த்தபின் பயனரின் கணினியில் உள்ள எக்செலிடம் ஒப்படைப்பது. தோற்றத்தில் தனிச்செயலியாயினும் இது எக்செலின்றி இயங்காது. இரண்டாம் வகை, வாய்ப்பாடுகளை வேறொரு நிரல்மொழிக்குப் பெயர்த்து, எக்செலே தேவையில்லாத செயலியை ஆக்குவது.

இரண்டாம் வகையில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. எக்செலின் விடையையே தர வேண்டுமானால், எக்செலின் பிழைகளையும் பெயர்க்க வேண்டும். 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டன்று. ஆயினும் லோட்டஸ் அதனை லீப் ஆண்டாகக் கொண்டது. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்திசைய வேண்டி எக்செலும் அப்பிழையை ஏற்று, இல்லாத பிப்ரவரி 29க்கு 60 என்னும் வரிசை எண்ணை வழங்கியது. அவ்வழு இன்றும் உள்ளது. பயனர்களின் கோப்புகள் ஒரு பிழையை எவ்வாறு நிலைபெறச் செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

5. பழுதுநீக்கத்தின் படிநிலைகள்

பூட்டப்பட்ட விரிதாள் இயங்காதபோது, அதற்கான காரணம் நான்கு அடுக்குகளில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, எக்செலின் சூழல். 2010இல் 64 பிட்டு எக்செல் வந்தபோது, இயங்குதளத்தை நேரடியாக அழைக்கும் வி.பி.ஏ. அறிவிப்புகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. திறந்த கோப்பில் சில வரிகளை மாற்றினால் போதும். பூட்டிய செயலியில் ஆக்கியவரையன்றி எவராலும் இயலாது. மெக்கின்டோஷ் கோப்புகளில் வழங்கிய 1904ஆம் ஆண்டு நாட்கணக்கும் விண்டோஸின் 1900ஆம் ஆண்டு நாட்கணக்கும் கலந்தால், நாள்கள் 1,462 வேறுபடும். பதின்மக் குறியாகப் புள்ளிக்கு மாறாகக் காற்புள்ளியை வழங்கும் நாடுகளில், எண்ணை உரையாகக் கையாளும் மேக்ரோக்கள் தவறான விடை தரும்.

இரண்டாவது, பாதுகாப்புக் கொள்கை. 1996இல் லாரூ என்னும் எக்செல் மேக்ரோ நச்சுநிரலும், 1999இல் வேர்டு ஆவணங்கள் வழிப் பரவிய மெலிசாவும் மேக்ரோவின் மீதான நம்பிக்கையைக் குலைத்தன. இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோக்களை இயல்பாகவே தடைசெய்யும் முடிவை மைக்ரோசாப்ட் 2022இல் நடைமுறைப்படுத்தியது. உறையிட்ட செயலிகளோ நச்சுநிரல்களைப் போலவே தம் உள்ளடக்கத்தைச் சுருக்கி மறைத்து, இயங்கும்போது விரிப்பவை. ஆகவே நச்சுநிரல் தடுப்பான்கள் அவற்றை ஐயுறுகின்றன. மறைப்பே ஐயத்துக்குக் காரணமாகும்போது, ஆக்கியவரின் மின்கையொப்பம் ஒன்றே நம்பிக்கைக்குச் சான்றாகிறது.

மூன்றாவது, உரிமச் சரிபார்ப்பு. வன்தட்டின் தொகுதி எண், வலையட்டையின் முகவரி போன்றவற்றைச் சேர்த்துக் கணினிக்கு ஓர் அடையாளம் அமைக்கப்படுகிறது; உரிமச்சாவி அதனோடு பிணைக்கப்படுகிறது. வன்தட்டை மாற்றினாலோ மீண்டும் வடிவமைத்தாலோ அடையாளம் மாறி உரிமம் செல்லாததாகிறது. 'டாங்கிள்' எனப்படும் செருகுசாவிகளும் இத்தகையவையே. அவற்றுக்குரிய இணைமுகம் புதிய கணினிகளில் இல்லாதொழிந்தால் சாவியும் பயனற்றதாகும். சாவி வட்டின் பழைய குறை வேறு வடிவில் இங்கு மீள்கிறது.

நான்காவது, கணக்கே தவறாக இருத்தல். முதல் மூன்றும் செயலியை நிறுத்துகின்றன. ஆகவே பயனர் உடனே அறிகிறார். நான்காவது செயலியை நிறுத்துவதில்லை. விடை வருகிறது; அது தவறென்று அறிய வழியில்லை. முதல் மூன்று பழுதுகளும் வணிகத் தொல்லைகள். நான்காவது அறிவுசார் சிக்கல்.

6. திறந்த தாளால் வெளிப்பட்ட பிழைகள்

இந்நான்காம் வகைப் பழுதின் முதன்மையை ஒரு நிகழ்வு தெளிவாக்கும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலறிஞர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியின் 90 விழுக்காட்டைக் கடந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி –0.1 விழுக்காடு எனக் கூறியது. அரசுச் செலவினக் குறைப்பை வலியுறுத்தியோர் அதனைப் பல நாடுகளில் எடுத்துக்காட்டினர். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டனால் வெளியான தரவுகளைக்கொண்டு அம்முடிவை மீளப்பெற இயலவில்லை. அவர் கேட்டதன்பேரில் ஆசிரியர்கள் தம் எக்செல் கோப்பையே அனுப்பினர். சராசரி காணும் வாய்ப்பாடு 30 முதல் 49 வரையுள்ள நிரைகளுக்குப் பதிலாக 30 முதல் 44 வரையுள்ளவற்றையே கணக்கில் கொண்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுத் தரவுகளின் விலக்கலும் சராசரிக்கு எடையிட்ட முறையும் இதனினும் பெரிய விளைவைத் தந்தன. அனைத்தையும் சரிசெய்தபோது அச்சராசரி 2.2 விழுக்காடு என ஹெர்ண்டன், மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோர் 2013இல் வெளியிட்டனர். வாய்ப்பாட்டுப் பிழையை ஆசிரியர்களும் ஏற்றுக்கொண்டனர்.

இங்குக் கருதத்தக்கது பிழையைவிட அது வெளிப்பட்ட முறையே. ஆசிரியர்கள் அனுப்பியது திறந்த கோப்பு. அதே கணக்கு, உள்ளீட்டைப் பெற்று விடையை மட்டும் காட்டும் பூட்டிய செயலியாக வந்திருந்தால், அதே விடையே மீண்டும் மீண்டும் வந்திருக்கும். மீளச்செய்தல் என்பது பிழையை மீளச்செய்தலாகவே முடிந்திருக்கும்.

ஜே.பி. மார்கன் வங்கிக்கு 2012இல் நேர்ந்த 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பிலும் விரிதாளுக்குப் பங்குண்டு. இழப்பிடரை அளவிடும் மாதிரி, கையால் நகலெடுத்து ஒட்டும் எக்செல் தாள்கள் வழி இயங்கியது. ஓரிடத்தில் இரு மதிப்புகளின் சராசரியால் வகுப்பதற்குப் பதிலாக அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கப்பட்டிருந்தது என வங்கியின் 2013ஆம் ஆண்டு உள்ளாய்வு அறிக்கை கூறுகிறது. திறந்த தாளும் பிழைக்கு இடமளிக்கிறது என்பதை இது காட்டுகிறது. திறந்திருத்தல் சரிபார்ப்புக்கு உறுதியளிப்பதன்று. சரிபார்ப்பு இயலுவதற்கான முன்நிபந்தனை மட்டுமே. கட்டுப்பாடற்ற மாற்றத்தைத் தடுக்கப் பூட்டு தேவை என்போரின் வாதத்துக்கும் இதில் வலுவுண்டு. மாற்றத்தைத் தடுத்தலும் பார்வையைத் தடுத்தலும் வெவ்வேறு என்பதை உணர்ந்தால் இவ்விரு தேவைகளும் முரண்படா.

7. பிழைதிருத்தமும் சட்டமும்

1998இல் இயற்றப்பட்ட அமெரிக்க எண்மப் பதிப்புரிமைச் சட்டம், தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. ஆயினும் மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகளை அறிவிக்கும் ஏற்பாடு அதில் உண்டு. 2000ஆம் ஆண்டின் முதல் அறிவிப்பிலேயே, பழுதாலோ சேதத்தாலோ வழக்கொழிவாலோ திறக்க இயலாத காப்புமுறைகளுக்கு விலக்களிக்கப்பட்டது. 2003இல் வழக்கொழிந்த, பழுதுற்ற டாங்கிள்கள் வெளிப்படையாகச் சுட்டப்பட்டன. பூட்டுக்கும் ஆயுள் உண்டு என்பதைச் சட்டம் ஏற்றதன் அடையாளம் இது. ஆனால் இவ்விலக்கு செயலியைத் திறப்பதற்கே, கணக்கைத் திருத்துவதற்கன்று.

ஆஸ்திரேலியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஒரு படி மேலே சென்று, பிழைதிருத்தத்துக்காக நிரலை மீளுருவாக்கும் செயலைத் தனிவிதியாகவே அனுமதித்தது. ஐரோப்பியச் சமூகத்தின் 1991ஆம் ஆண்டு மென்பொருள் நெறிமுறை, முறைப்படி பெற்றவர் நிரலை அதன் நோக்கத்துக்கேற்பப் பயன்படுத்துவதற்கு வேண்டிய செயல்களில் பிழைதிருத்தத்தையும் சேர்த்தது. இதன் பொருள் 2021 அக்டோபர் 6 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அளித்த டாப் சிஸ்டம் தீர்ப்பில் தெளிவுபெற்றது. பெல்ஜிய அரசின் பணியாளர் தேர்வு அலுவலகம், தனக்காக உருவாக்கப்பட்ட செயலியின் ஒரு கூறு பழுதுற்றபோது, அதைச் செயலிழக்கச் செய்ய நிரலைப் பிரித்தறிந்தது. உருவாக்கிய நிறுவனம் வழக்கிட்டது. பிழையைத் திருத்தத் தேவையான அளவுக்கு நிரலைப் பிரித்தறிய முறைப்படி பெற்றவருக்கு உரிமையுண்டு என நீதிமன்றம் முடிவுசெய்தது. திருத்தும் முறையை ஒப்பந்தத்தால் ஒழுங்குபடுத்தலாம். திருத்தவே கூடாதென்று முற்றாகத் தடுத்தல் ஆகாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்தாகும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் கொணர்ந்தது. முறைப்படி பெற்றவர் நோக்கத்துக்கேற்பப் பயன்படுத்தலையும் சேமநகல் எடுத்தலையும், இயங்கும் முறையை உற்றுநோக்கி ஆராய்தலையும் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே தண்டனைக்குரியதாக்குகிறது. நோக்கத்தை அளவுகோலாகக் கொள்ளும் இவ்வணுகுமுறை பயனருக்கு ஓரளவு இடமளிக்கிறது. எனினும் பிழைதிருத்தத்துக்கென வெளிப்படையான தனிவிதி இல்லை. ஆகவே இங்கு உரிம ஒப்பந்தத்தின் சொற்களே பெரிதும் முடிவுசெய்வனவாகின்றன.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பூட்டு இயக்கும் மென்பொருளிலிருந்து கணக்கின் உள்ளடக்கத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது. சாவி வட்டின் காலத்தில் மறைந்திருந்தது கருவி. தனிச்செயலியின் காலத்தில் மறைந்திருப்பது காரணம். விரிதாளுக்குச் சிறப்புத் தந்த 'விடையும் வழியும் ஒருங்கே' என்னும் தன்மை இதனால் இழக்கப்படுகிறது.

இரண்டாவது, காப்புமுறைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தம் பூட்டைவிட நீண்ட ஆயுள் கொண்ட கணக்குகளையே பூட்டியுள்ளன. வட்டு, செருகுசாவி, வன்தட்டு அடையாளம் ஆகிய எதுவும் ஒரு பொறியியல் கணக்கின் பயன்பாட்டுக் காலம் முழுதும் நிலைக்கும் எனக் கூற இயலாது.

மூன்றாவது, ஆக்கியவரின் வருவாயைக் காப்பதும் பயனரின் சரிபார்ப்புரிமையைக் காப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றும் வழி, தெரிந்த உள்ளீடுகளுக்குரிய விடைகளைக் கொண்ட சோதனைத் தொகுப்பு, வாய்ப்பாடுகளின் எழுத்துவழி விளக்கம், ஆக்கியவர் ஆதரவை நிறுத்தினால் திறந்த கோப்பைப் பெறும் ஏற்பாடு ஆகிய நான்கும் உரிம ஒப்பந்தத்தில் இடம்பெற்றால், பூட்டு தன் பணியைச் செய்யும். பிழை அதன் பின்னே ஒளிந்திருக்காது. பொதுப்பணத்தில் இத்தகைய செயலிகளை வாங்கும் கல்வி நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் இவற்றை நிபந்தனைகளாக்க இயலும்.

விசிகால்க்கின் பிற்கால வரலாறு இம்முடிபுகளுக்குச் சான்று பகர்கிறது. ஐபிஎம் கணினிக்குரிய விசிகால்க் நிரல் ஏறத்தாழ 27 கிலோபைட்டு அளவே உடையது. பல ஆண்டுகளுக்குப் பின், உரிமை பெற்றிருந்த லோட்டஸின் இசைவுடன் பிரிக்ளின் அதைத் தம் வலைத்தளத்தில் பொதுமக்களுக்கு வழங்கினார். நகல்தடை இடப்பட்டிருந்த விற்பனை வட்டுகளிலிருந்து அந்நகல் வரவில்லை. பூட்டப்படாத சோதனை நகல் ஒன்றை ஒருவர் எடுத்து வைத்திருந்ததாலேயே அது கிடைத்தது. நகல்தடை எதிர்காலத்திடமிருந்து திருடுகிறது என்னும் கருத்தில் பிரிக்ளின் ஒரு கட்டுரை எழுதியதும் அப்பட்டறிவின் அடிப்படையிலேயே ஆகும்.